முன்னாடியே சொல்லிவைத்த உங்களுக்கு

மும்பை செம்பூர் பழைய பில்டிங் ஏ விங்காரர்களுக்கும், ஹார்பர் லைன் லோக்கல் ரயிலின் லேடீஸ் டப்பா (பெண்கள் பெட்டி) தோழிகளுக்கும், பெயர் தெரியாத இன்னும் சிலருக்கும்,

வணக்கம்.

நேரில் நன்றி சொல்ல எனக்கு வராது. முகத்தைப் பார்க்க வேண்டும், எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும், நடுவில் யாராவது "அட, இதுக்கெல்லாம் எதுக்கும்மா நன்றி" என்றால் அதற்கு என்ன சொல்வது என்றும் தெரிய வேண்டும். அதனால் எழுதிவிடுகிறேன். பெயர் போடவில்லை. அவரவர் பகுதி வரும்போது அவரவருக்குப் புரியும்.

நம் பில்டிங் ரீடெவலப்மென்ட்டுக்கு, அதாவது இடித்துப் புதிதாகக் கட்டப் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. செம்பூரில் இப்போது தெருவுக்குத் தெரு இதுதான். மீட்டிங், பில்டர், வாடகைப் பணம், ஷிஃப்டிங் சார்ஜ், சாவி ஒப்படைக்கும் தேதி. மற்றவர்களுக்கு அது அலைச்சலோடு முடிந்தது. எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து அந்த ஒரே வீடு, இருட்டில்கூட சுவிட்சைத் தேடியதில்லை. அங்கிருந்து கிளம்பி இன்று ஜிடிபி நகர் வாடகை வீட்டில் சாப்பிட்டு, தூங்கி, வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறேன் என்றால் நீங்கள்தான் காரணம். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகையில், நடக்கப்போவதை எனக்கு முன்னாடியே சொல்லிவைத்தீர்கள்.

இதில் என்ன பெரிய உதவி என்று தோன்றலாம். டாக்டர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 என்ற கையேடு 2013-ல் வந்தது. ஒரே மாதிரி நடைமுறையை விட முடியாமை, சின்ன மாற்றத்துக்கும் பெரிய தவிப்பு, ஒலி, ஒளி, தொடுகை அளவுக்கு மீறி உறுத்துவது என்றெல்லாம் ஆட்டிசம் பற்றி அதில் எழுதியிருக்கிறது. படிக்கும்போது யாரோ நோயாளியைப் பற்றிய குறிப்பு மாதிரி இருக்கும். வீட்டில் அது எப்படி இருக்கும் என்று கேட்டால் இப்படிச் சொல்வேன்: சத்தம் அதே சத்தம்தான், ஆனால் வரப்போகிறது என்று தெரிந்தால் பாதி கனம் குறைந்துவிடும். தெரியாமல் வந்தால் அடுத்த வேலை, பேச்சு, பசி எல்லாம் நின்றுபோகும். அன்றைய நாள் அதோடு சரி.

முதல் நன்றி பக்கத்து வீட்டுப் பாலக்காட்டு மாமிக்கு. நம் இரண்டு சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர். மிக்ஸி போடுவதற்கு முன்னால் மாமி கரண்டிக் காம்பால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். நான் காதைப் பொத்திக்கொள்ள நேரம் விட்டு, அப்புறம்தான் சுவிட்சைப் போடுவார். எனக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னது நான் வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்து. மாமியின் தட்டு அதற்கு வெகு காலம் முன்பே ஆரம்பித்துவிட்டது. சின்ன வயதில் மிக்ஸி சத்தத்துக்கு நான் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்ததைப் பார்த்தவர், "கொழந்தே, இனிமே சொல்லிட்டே அரைக்கறேன்" என்றார். ஓணம், விஷு, வீடு நிறைய விருந்தாளி, எந்த நாளிலும் அவர் மறந்ததில்லை. இப்போது முலுண்டில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கேயும் கை தானாகப் போய்ச் சுவரைத் தட்டுகிறதாம். மகளுக்குச் சிரிப்பாம். மாமி, அந்தச் சுவரையும் இடித்துவிட்டார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அம்மாவுக்கு இங்கே நன்றி சொன்னால் திட்டுவாள். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். திருநெல்வேலியிலிருந்து வருஷா வருஷம் தினசரி காலண்டர் வரும். கிழித்த தாளின் பின்பக்கத்தில் அம்மா எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவாள். "நாளை தண்ணீர் வராது." "பெரிய மாமா வருவார். டீ மட்டும். சாப்பிட மாட்டார். நீ வெளியே வந்து வாங்க மாமா என்று சொன்னால் போதும்." வீடு மாறிய அந்த மாதம் முழுக்க இப்படி ஒட்டியிருந்தாள். எந்தப் பாத்திரம் எந்தத் தேதியில் பெட்டிக்குள் போகும், கடைசி நாள் எதில் சமைப்போம், கேஸ் சிலிண்டரை யார் வந்து எடுப்பார்கள், எல்லாமே. "உங்க பொண்ணுக்கு ரொம்பச் செல்லம்" என்று சொன்ன உறவினர்களும் உண்டு. அவர்களுக்கு இந்த மடலில் இடம் இல்லை.

தங்கச்சி புது வீட்டுக்கு வழியை வீடியோ எடுத்து அனுப்பினாள். ஜிடிபி நகர் ஸ்டேஷன் படியிலிருந்து ஆரம்பித்து, வெல்டிங் கடை, வேஃபர் வறுக்கும் கடை, நாய் படுத்திருக்கும் முக்கு, லிஃப்ட்டுக்குள் எரியும் வெள்ளை லைட் வரை. நடு நடுவே "இங்க எண்ணெய் வாடை அடிக்கும், மூச்சைப் பிடிச்சுக்கோ" என்று அவள் குரல். அந்த வழியில் முதல் தடவை நான் நடந்தபோது எல்லாமே ஏற்கெனவே பார்த்த இடமாக இருந்தது. நாய் மட்டும் அன்று வேறு பக்கம் படுத்திருந்தது.

டெம்போ அண்ணன் தாராவிக்காரர். பெட்டிகளுக்கு நம்பர் போட்டு வைத்திருக்கிறேன், அந்த வரிசையில்தான் ஏற்ற வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினேன். கனமானதை முதலில் ஏற்றுவதுதான் அவர்கள் வழக்கம். தாளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "சரிம்மா, உங்க லிஸ்ட் படியே ஏத்துறேன். பீரோவும் கட்டிலும் மட்டும் முதல்ல போவும், அது உங்க லிஸ்ட்ல நடுவுல இருக்கு. அதை மட்டும் மாத்திக்குங்க" என்று பேனாவை என் கையில் கொடுத்தார். அவரே மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். நான் என் கையால் அடித்து எழுதும் வரை நின்றார். ஏற்று கூலிப் பையன்கள் பீடி பற்ற வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அண்ணா, உங்களுக்கு அன்று இன்னொரு டிரிப் இருந்ததை அப்பா பிறகுதான் சொன்னார்.

இனி வாட்ச்மேன் காகா. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

இடிப்பு வேலை நாங்கள் காலி செய்த பிறகுதான் தொடங்கும் என்று நோட்டீஸ் சொன்னது. பி விங்கில் மட்டும் ஒரு நாள் முந்தியே பிரேக்கர் மெஷினைப் போட்டுவிட்டார்கள். நான் பையோடு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் காதில் மட்டும் கேட்பதில்லை, பல்லில் கேட்கும். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பேச்சு போய்விட்டது. இது எனக்கு எப்போதாவது நடக்கும். வார்த்தைகள் உள்ளே இருக்கும், வாய்க்கு வராது. சுற்றி ஆட்கள் சேர்ந்தார்கள். தண்ணி கொடு, முகத்தில் தெளி, வெங்காயம் முகர வை, தோளைப் பிடித்துத் தூக்கு என்று ஆளுக்கொரு யோசனை. நல்ல மனசுதான், ஆனால் ஒவ்வொரு கையும் என் மேல் படும்போது இன்னும் உள்ளே போய்க்கொண்டே இருந்தேன்.

காகா வந்து எல்லோரையும் கீழே அனுப்பினார். என்னைத் தொடவில்லை. என்ன ஆச்சு என்று கேட்கவும் இல்லை. நாலு படி தள்ளி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார், யாரும் மேலே வராதபடி. கொஞ்ச நேரத்தில் எழுந்து பி விங் பக்கம் போனார். திரும்பி வந்து, முகத்தைப் பார்க்காமலே, "பேட்டி, ஏக் பஜே பந்த் ஹோகா" என்றார். மகளே, ஒரு மணிக்கு நின்றுவிடும் என்று அர்த்தம். சாப்பாட்டு நேரமாம், கேட்டுவிட்டு வந்திருக்கிறார். போனில் மணி பார்த்தேன். முடிவு தெரிந்த சத்தமாகிவிட்டது அது. ஒரு மணிக்கு நின்றது. தங்கச்சி ஹெட்ஃபோனோடு வந்து சேர்ந்தபோது நான் எழுந்து நின்றிருந்தேன். காகாவுக்குத் தமிழ் படிக்க வராது. அப்பா வாசித்து ஹிந்தியில் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். ஐ.நா. 2007-ல் முடிவெடுத்து, 2008 முதல் நடக்கிறது. அன்று பெரிய கட்டடங்களில் நீல விளக்குப் போடுவார்கள். என்னைக் கேட்டால், மாடிப்படியில் விட்டு விட்டு எரியும் டியூப்லைட்டை மாற்றிவிட்டு மிச்சப் பணத்தில் நீல விளக்குப் போடலாம்.

அப்புறம் டப்பா தோழிகள். செம்பூரில் ஏறிய காலத்தில் எனக்கு ஜன்னல் சீட் கிடைத்தது நீங்கள் விட்டுக்கொடுத்ததால். ஜன்னல் என்றால் ஒரு பக்கம் மட்டும்தான் அடுத்தவர் தோள் படும். ஜிடிபியில் ஏற ஆரம்பித்ததும் அது போயிற்று என்றே நினைத்தேன், வண்டி குர்லாவிலேயே நிரம்பிவிடும். முதல் நாள் ஏறினால், நெருலில் ஏறும் மாவ்ஷி (மராத்தியில் சித்தி) மேத்திக் கீரைப் பையை ஜன்னல் சீட்டில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் "ஆள் வருது" என்று சண்டை போட்டபடி உட்கார்ந்திருந்தார். மாவ்ஷி, குர்லாவிலிருந்து ஜிடிபி வரை காலி சீட்டைக் காப்பது சாமானிய வேலை இல்லை. லோக்கலில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி டப்பா உண்டு என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஓடும் வண்டியில் நின்றுகொண்டு யாருக்கு விளக்குவது? உங்கள் டப்பாவில் நான் எதையும் விளக்கியதில்லை.

தசராவுக்கு முந்தின வேலை நாளில் டப்பாவுக்குத் தோரணம் கட்டி, பூஜை போட்டு, ஆரத்தி பாடுவீர்கள். அதற்கு முந்தின நாளே "நாளைக்கு வடாலா தாண்டினதும் மணி அடிப்போம். உனக்கு வேணும்னா முன்னாடி லேடீஸ் டப்பாவுல ஏறிக்கோ, பிரசாதம் எடுத்து வெக்கிறோம்" என்று சொல்லிவிட்டீர்கள். நான் வேறு டப்பாவில் போனேன். கடைசி ஸ்டேஷனான சிஎஸ்எம்டி பிளாட்ஃபாரத்தில் சாமந்திப் பூவும் பேடாவும் கையில் வந்தன. டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், அவருக்கும் ஆட்டிசம் உண்டு, 2012-ல் ஒரு கட்டுரை எழுதினார். எங்களுக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்பது பாதிக் கதை, மற்றவர்களுக்கு எங்களைப் புரியாததும் அதே அளவு உண்டு என்பது அதன் சாரம். அவரை இந்த டப்பாவில் ஒரு நாள் ஏற்றிவிட வேண்டும் என்று ஆசை.

சென்ட்ரல் ரயில்வேக்கும் சேர்த்து ஒரு நன்றி, கேலி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக், அதாவது பராமரிப்புக்காக ரயிலை நிறுத்திவைப்பது என்றால், எந்த ஸ்டேஷனிலிருந்து எது வரை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். ஊரே திட்டும் மெகா பிளாக்கை நான் ரசித்துப் படிப்பேன்.

ஆபீஸில் சார், நீங்கள். முன்பெல்லாம் "கேபினுக்கு வா" என்று மட்டும் மெசேஜ் வரும். அந்த ஒரு வரிக்கு நான் மத்தியானச் சாப்பாட்டைத் தொட்டதில்லை. காரணத்தை எழுதிக் கேட்டேன். அன்றிலிருந்து "மூன்று மணிக்கு வா. கொழும்பு கன்டெய்னர் இன்வாய்ஸ் பற்றி. பயப்பட ஒன்றுமில்லை" என்று வருகிறது. தட்டச்சு செய்ய உங்களுக்கு ஆவது அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தால்தான் பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் சரக்கு ரசீது) தப்பு இலக்கத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூளை மிஞ்சுகிறது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று, இப்படிப்பட்ட சின்ன வசதிகளைச் செய்து தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. உங்களுக்கு அந்தச் சட்டம் தெரியாது. கேட்டதும் செய்தீர்கள்.

அந்தச் சட்டப்படி சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் ஒருவர், "நல்லாத்தானே பேசறே, உனக்கு என்ன?" என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. அங்கே தாழ்வாரத்தில் இருந்த நர்ஸ் அக்காவுக்குத்தான் நன்றி. "நாற்பது கேள்வி இருக்கும். சிலதைத் திரும்பக் கேட்பாங்க. அம்மாவையும் தனியாக் கூப்பிடுவாங்க. நடுவுல ஃபேன் சத்தம் போடும், அது அப்படித்தான்" என்று உள்ளே போகுமுன் சொன்னீர்கள். ஃபேன் போட்டது.

கடைசியாக, புதுத் தெருவில் பிள்ளையார் விழா நடத்தும் கணபதி மண்டல் தம்பிகளுக்கு. இரவு 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது என்று 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, பண்டிகைக்குச் சில நாள் நள்ளிரவு வரை தளர்த்துவார்கள் என்பதும் தெரியும். விதியைக் காட்டிச் சண்டை போட எனக்கு வாய் கிடையாது. அப்பா கேட்டது ஒன்றே ஒன்று, டோல்-தாஷா மேளம் எப்போது வரும் என்று. நீங்கள் ஆரத்தி நேரம், ஐந்தாம் நாள், ஏழாம் நாள், அனந்த சதுர்த்தசி ஊர்வலம் கிளம்பும் நேரம் எல்லாவற்றையும் அப்பாவுக்கு அனுப்பிவைத்தீர்கள். ஊர்வலம் தாமதமானால் "அங்கிள், இன்னும் அரை மணி ஆகும்" என்று அதற்கும் ஒரு மெசேஜ். மும்பையில் கணபதி ஊர்வலம் தாமதமாகும் என்று தகவல் வந்த ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

புதுக் கட்டடம் எழும்பி நாம் எல்லோரும் செம்பூருக்குத் திரும்பும்போது பால் காய்ச்சக் கூப்பிடுவோம். அவசியம் வாருங்கள். எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்று மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இதைப் படித்துவிட்டு யாரும் போன் செய்ய வேண்டாம், எடுக்க மாட்டேன். மெசேஜ் போடுங்கள், எல்லோருக்கும் பதில் எழுதுவேன்.

அன்புடன்,
ஏ விங், இரண்டாம் மாடிப் பெண்