கதவு கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று நினைத்தோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாங்குளத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். போர் முடிந்து மீள்குடியேறி வந்து 2011 இல் கட்டிய கடை. ஏ9 வீதி நெடுக, ஓமந்தையிலிருந்து பரந்தன் வரை, இப்போது எங்கு பார்த்தாலும் இரும்பு றோலர் கதவுதான். பலகைக் கதவு போட்ட கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். என்னுடையதைப் போலப் பல கதவுகள் நாங்கள் ஊர் திரும்பிய அந்த நாலைந்து வருடங்களுக்குள் பொருத்தியவை. எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே வயது, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளுக்கும்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

கடந்த மாரியில் ஓரிரவு, கடையை அடைத்துவிட்டுப் பின்னால் உள்ள வீட்டில் படுத்திருந்தோம். பதினொரு மணியிருக்கும். கடைப் பக்கம் டமார் என்று ஒரு வெடிச்சத்தம். என் மனைவி எழும்பி முதலில் செய்த வேலை, எரிந்துகொண்டிருந்த லைற்றை அணைத்தது. பக்கத்து வீட்டு அக்கா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டார். எங்கள் ஊரில் இரவில் சத்தம் கேட்டால் இன்னும் அப்படித்தான். ரோர்ச் அடித்துச் சுற்றிப் பார்த்தேன், ஒன்றையும் காணவில்லை. விடிய ஐந்தரைக்குப் பாண் வந்து இறங்கிவிட்டது, கதவைத் தூக்கினால் அசையவில்லை. இரவு கேட்டது கதவின் ஸ்பிரிங் உடைந்த சத்தம் என்று அப்போதுதான் விளங்கியது.

நாலு பேர் சேர்ந்து ஒரு முழம் உயர்த்தி மரக்குற்றியை அண்டை கொடுத்தோம். பிறகு அதுவும் பயமாக இருந்ததால் குற்றியை எடுத்துவிட்டுக் கதவை இறக்கிவிட்டேன். அன்று முழுக்க வியாபாரம் வீட்டு வாசலால்தான் நடந்தது.

கதவு பூட்டியவர்களுக்குப் போன் அடித்துக் கேட்டேன். ஆள் வந்து பார்க்காமலே, ஸ்பிரிங் தனியாக வராது, முழுக் கதவையும் மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். அந்தக் கோபத்தில் ஒரு முட்டாள் வேலை செய்தேன். தெரிந்த வெல்டிங் கடைப் பெடியன் ஒருவனைக் கூப்பிட்டேன். கெட்டிக்காரன், கேற், கிறில் எல்லாம் அடிப்பான். "அண்ணை, கதவு கீழேதானே இருக்கு, விழ ஒன்றுமில்லை" என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மேலே ஏறி, கதவு சுருளும் உருளையின் நடுவே போகும் குழாயைச் சுவரோடு பிடித்திருக்கும் கிளாம்பின் நட்டைக் கழற்றினான். குழாயில் பைப் றெஞ்ச் மாட்டியிருந்தது. நட்டு இளகியதும் குழாய் ஒரு சுழற்று சுழன்றது. றெஞ்ச் அவன் முன்னங்கையில் அடித்து எலும்பு வெடித்துவிட்டது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். முகத்தில் பட்டிருந்தால் என்று நினைக்க இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

நடந்தது என்னவென்று பிறகு வவுனியாவிலிருந்து வந்த வயதான மேசன் ஒருவர் சொன்னார். மேசன் வேலைதான் தொழில் என்றாலும் றோலர் கதவும் பார்ப்பார். கதவின் பாரத்தைச் சுமப்பது மேலே உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங்தான். மணிக்கூட்டு ஸ்பிரிங் போலத் தட்டையான உருக்குப் பட்டி, சுருட்டி வைத்திருக்கும். கதவை இறக்க இறக்க அது முறுகும். ஆகவே கதவு கீழே கிடக்கும் நேரத்தில்தான் அதற்குள் விசை அதிகம். என் கதவில் மூன்று ஸ்பிரிங், உடைந்தது ஒன்று. மற்ற இரண்டும் முழு முறுக்கோடு காத்துக்கொண்டிருந்திருக்கின்றன. நாங்கள் நினைத்ததற்கு நேர் எதிர்!

அவர் ஆட்களை வைத்துக் கதவை முழுதாக மேலே சுருட்டி, கயிற்றால் வரிந்து கட்டினார். மேலே போனாலும் முறுக்கு முழுதாகப் போகாது என்பதால், மிச்சத்தைத் தண்டு போட்டுப் பிடித்துப் பிடித்துத்தான் இறக்கினார். உடைந்த பட்டியின் அகலம், தடிப்பு இரண்டையும் அளந்து அதே அளவில் மூன்றையும் மாற்றினார். உடையாத இரண்டையும் ஏன் என்று கேட்டேன். "தம்பி, மூன்றும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்ததுகள்" என்றார். அரை நாள் வேலை. முழுக் கதவுக்குக் கேட்ட விலையில் ஐந்தில் ஒன்றும் செலவாகவில்லை. இடையில் எனக்கு ஏச்சும் விழுந்தது. கதவு ஏறி இறங்கும் பக்கத்துத் தவாளிப்பில் நான் ஊற்றி வந்த கழிவெண்ணெயில் வீதிப் புழுதி படிந்து களி மாதிரிக் கிடந்ததாம்.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சானிடம் கதைத்தபோது, அங்கே வீட்டுக் கராஜ் கதவுக்கும் இதே கதைதான் என்றான். அங்கே மோட்டர் இருக்கிறது. ஸ்பிரிங் உடைந்தது தெரியாமல் சுவிட்சைத் திரும்பத் திரும்ப அமர்த்தி, மோட்டரின் பற்சக்கரத்தையும் தின்னக் கொடுத்திருக்கிறான். அந்தக் கதவுகளின் சாதாரண ஸ்பிரிங்குக்கு 10,000 தடவை ஏற்றி இறக்குவதுதான் ஆயுட் கணக்காம். நான் காலையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் திறப்பவன். ஒரு நாளைக்கு 2, வருடத்துக்கு 730. வகுத்துப் பார்த்தால் பதின்மூன்று வருடமும் சொச்சமும். என் கதவு வேறு வகைதான், ஆனாலும் கணக்கு அச்சொட்டாக வந்து நின்றது.

கதவு பூட்டும் நிறுவனங்களிடம் கேட்பது பெரிய விசயம் இல்லை. ஸ்பிரிங்கின் அளவு, எத்தனை, பூட்டிய திகதி மூன்றையும் கதவுக்கு மேலே உட்சுவரில் பெயின்றால் எழுதிவிட்டுப் போங்கள். அந்த மேசன் எனக்கு அப்படித்தான் எழுதித் தந்தார். கிளிநொச்சி அறிவியல்நகரில் ஜேர்மன் உதவியோடு எழுந்த நல்ல தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஊர் வெல்டிங் பெடியன்களுக்கு இந்த வேலையை அங்கே இரண்டு நாள் சொல்லிக் கொடுக்க முடியாதா? வேலை தெரிந்த ஆளுக்கு வவுனியா வரை ஓட வேண்டியிருப்பதால்தான் தெரியாதவன் ஏணியில் ஏறுகிறான்.

கடைக்காரர்களுக்கு ஒன்று. இன்றைக்குக் கடை பூட்டும்போது கதவை இடுப்பளவில் நிறுத்தி, கையை மெல்லத் தளர்த்திப் பாருங்கள், காலைக் கீழே வைக்காமல். நின்ற இடத்தில் நின்றால் சரி. தானாக இறங்கினால் ஸ்பிரிங் களைத்துவிட்டது. ஏணியை எடுக்காமல் ஆளைத் தேடுங்கள்.

இப்படிக்கு,
பலசரக்குக் கடைக்காரர்,
மாங்குளம்.