பானட்டைத் திறந்தால் முதலில் பழைய டூத்பிரஷ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் காரின் இன்ஜின் அறையை வீட்டிலேயே அழகுபடுத்துவது பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் ஜோர். ஆனால் பிரஷர் வாஷரில் ஒரு அடி, டேப்பட் கவருக்கு (இன்ஜின் தலையை மூடும் மூடி) சிவப்பு ஸ்பிரே, அப்புறம் பானட்டுக்கு அடியில் எல்.ஈ.டி. பட்டை என்று மூன்றே வரியில் வேலையை முடித்துவிட்டீர்களே, அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த மூன்றில் இரண்டை நானே செய்து கெடுத்தவன் என்பதால் எழுதுகிறேன்.

என் வண்டி 2003 மாருதி 800, அப்பா வாங்கியது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வீடு, கூப்பிடு தூரத்தில் மஞ்சி (தேங்காய் நார்) மில். அந்த நார்த் தூசியும் கசிகிற ஆயிலும் சேர்ந்து இன்ஜின் மேல் காவிக் களிம்பாகப் படிந்துவிடும். 796 சிசி, மூன்றே சிலிண்டர், சுற்றிலும் கை நுழைய இடம் இருக்கிறது. வீட்டில் வேலை பழக இதைவிடத் தோதான வண்டி கிடையாது என்பது என் கட்சி.

முதல் தடவை நான் செய்தது இதுதான்: தண்ணீரைப் பீய்ச்சி அடித்தேன், மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, வெயிலில் இரண்டு நாள் நிறுத்தி வைத்த பிறகுதான் உயிர் வந்தது. அதிலும் புத்தி வராமல், ஹார்டுவேர் கடையில் இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற எனாமல் பெயிண்ட் வாங்கி டேப்பட் கவருக்குப் பட்டையாக இரண்டு கோட்டிங் அடித்தேன். பார்க்க அட்டகாசமாக இருந்தது. அந்த வாரமே குடும்பத்தோடு வால்பாறைக்குக் கிளம்பினோம். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு, ஏறுவதெல்லாம் ஒன்றாவது இரண்டாவது கியரில்தான். 9-வது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்டில் எல்லோரும் ஆழியாறு அணையைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் கருகல் வாடை எங்கிருந்து வருகிறது என்று பானட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு முழுக்கக் கொப்புளம். திரும்பி வந்ததும் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இதென்ன டேப்பட் கவர் மேல அப்பளம் பொரிச்சு வெச்சிருக்கறீங்க?" என்றார்.

தப்பு பெயிண்டில் மட்டும் இல்லை. அடியில் ஆயில் பிசுக்கு போகவில்லை, முதல் கோட்டிங் காய்வதற்குள் அடுத்ததை ஏற்றியிருக்கிறேன். சரி, 600 டிகிரி தாங்கும் ஸ்பிரே வாங்கிவிடலாம் என்று நினைத்தால் அதிலும் ஒரு சிக்கல். அந்த மாதிரி பெயிண்ட் நல்ல சூடு வாங்கினால்தான் இறுகும், அது இன்ஜினிலிருந்து சூடான புகை வெளியேறும் சைலன்சர் மேனிஃபோல்டுக்கு உரியது. டேப்பட் கவர் அவ்வளவு சூடாவதே இல்லை, அங்கே அது அரைகுறையாகக் காய்ந்து ஆயில் பட்டதும் உரிந்துவிடும். டிகிரி கூடக்கூட நல்லது என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாம் தடவை அவசரப்படவில்லை. இன்ஜின் ஆறிய பிறகு முதலில் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றினேன். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டர் வாய் மூன்றுக்கும் பிளாஸ்டிக் பை கட்டினேன். பாத்திரம் விளக்கும் திரவம், பழைய டூத்பிரஷ், ஈரத்துணி, இவ்வளவுதான் சாமான். பட்டறைகளில் டீசலைத் தொட்டுத் தேய்ப்பார்கள், சீக்கிரம் பளிச்சென்று ஆகும், ஆனால் டீசல் பட்டுப்பட்டு ரேடியேட்டர் ஹோஸ் ரப்பர் ஊதிப் போய்விடும். ஒரு ஞாயிறு முழுக்கத் தேய்த்தேன். பேட்டரிக்குப் பின்னால் கை விட்டால் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன், மஞ்சி நாரால் கட்டிய எலிக்கூடு, இரண்டு கை கொள்ளாத அளவு. அதற்குள் ஓடிய ஒரு வயரில் செம்பு தெரியக் கடித்து வைத்திருக்கிறது. காய்ந்த நாரும் தோலுரிந்த வயரும் ஒரே இடத்தில்! பெயிண்டாவது ஒன்றாவது, இதைப் பார்த்ததற்கே அந்த ஞாயிறு தகும். பிரஷர் வாஷர் அடித்திருந்தால் கூடு நனைந்து உள்ளேயே கிடந்திருக்கும்.

அப்புறம் டேப்பட் கவரைக் கழற்றி, தின்னரால் துடைத்து, உப்புத்தாள் போட்டு, கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் பவுடர் கோட்டிங் (பெயிண்ட் பொடியைத் தூவி அடுப்பில் சுடுவது) போடும் இடத்தில் கொடுத்தேன். பம்ப் மோட்டார் கவர்களோடு சேர்த்துத் தொங்கவிட்டு, 180 - 200 டிகிரி அடுப்பில் சுட்டுக் கொடுத்தார்கள். ஆயில் கசியாமல் அடைக்கும் பேக்கிங் உட்காரும் விளிம்பில் மட்டும் கோட்டிங் படக்கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆயில் கசியும். பேக்கிங்கும் புதிதாகப் போட்டுவிடுங்கள். பேட்டரியைப் பிடிக்கும் துருப்பிடித்த பட்டைக்குப் பதிலாக, திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் தெரிந்த பாத்திரப் பட்டறையில் எவர்சில்வரில் ஒன்று அடித்து வாங்கினேன், குடம் மாதிரி மின்னுகிறது. அந்தப் பட்டை பிளஸ் டெர்மினலைத் தொட்டால் தீப்பொறிதான் என்பதால் அந்தப் பக்கம் சைக்கிள் ட்யூப் சுற்றியிருக்கிறேன். அழகு கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை.

உங்கள் பக்கத்தில் சுத்தமாக விட்டுப்போனது சேசிஸ் நம்பர், அதாவது வண்டியின் உடம்பில் பொறித்திருக்கும் அடையாள எண். இன்ஜின் அறையின் உள்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும்போது அந்த இடத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டியே ஆக வேண்டும். என் பங்காளி ஒருவர் பட்டி பார்த்து வழவழவென்று அடித்துவிட்டார். 15 வருடம் முடிந்து ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) புதுப்பிக்கப் போனபோது, நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து பிரிண்ட் எடுத்தால் தாள் வெறும் கருப்பு, எழுத்தே விழவில்லை. திரும்ப வந்து பாதி நாள் சுரண்டினார்.

இன்னொன்று, டேப்பட் கவர் நிறத்தை மாற்றினால்கூட ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு பேசுவது ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதைப் பற்றி. ஆர்.சி.யில் இருப்பது வண்டியின் வெளி நிறம், டேப்பட் கவர் நிறம் அதில் எந்த மூலையிலும் இல்லை. இன்ஜினையே மாற்றுகிறீர்கள் என்றால் அது வேறு கதை.

எல்.ஈ.டி. பட்டை பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். பெட்ரோல் ஹோஸ் ஓடுகிற இடத்தில், ஃபியூஸ் இல்லாமல், இருக்கிற வயரைக் கீறி முறுக்கி டேப் சுற்றுவதைச் செட்டிபாளையத்தில் ரேஸ் பார்த்துவிட்டு வருகிற கார்ப் பைத்தியப் பையன்கள் உங்கள் படத்தைப் பார்த்துச் செய்வார்கள். அந்த ஒரு வரிக்காவது அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள்.

கவருக்கு இந்த முறை வெள்ளை கேட்டு வாங்கினேன், ஆயில் ஒரு சொட்டு கசிந்தாலும் காட்டிக்கொடுக்கும் என்று. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, "சவாரிக்குப் போற வண்டியாட்ட இருக்குது" என்கிறார்.

இப்படிக்கு,
ஆனைமலை வட்டத்து வாசகன்