கோமதிக்கு, மிக்கு பாட்டுகள் பற்றி

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது என்று எழுதியிருந்தாய். கோடை கழியட்டும், பண்டிகை முடியட்டும் என்று அவர் சொல்லிக்கொண்டேதான் இருப்பார். நீ கேட்காதே, கூட்டிக்கொண்டு போய்விடு. இங்கே எல்லாரும் சுகம். புது வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஏறி இறங்கி இவருக்கு முட்டி வலிக்கிறது, எனக்கு உடம்பு இளைக்கிறது.

சரி, உன் பெண் நிலா விஷயம். ராத்திரி முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிடக்கிறாள், பிடுங்கிக் கேட்டால் வாத்துக்குஞ்சு ஜப்பான் பாஷை பேசுவது போல இருக்கிறது, இதில் என்னடி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அந்த வரியை என் பையனிடம் வாசித்துக் காட்டினேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவனிடமிருந்துதான் எனக்கு இந்தப் பைத்தியம் தொற்றியது. இப்போது அவன் விட்டுவிட்டான், நான் விடவில்லை.

அது ஹட்சுனே மிக்கு. ஆள் இல்லை, மென்பொருள். சப்போரோவில் இருக்கும் கிரிப்டன் ஃப்யூச்சர் மீடியா என்ற கம்பெனி 2007 ஆகஸ்ட் 31 அன்று விற்பனைக்கு விட்டது. சாகி ஃபுஜிதா என்ற டப்பிங் கலைஞரின் குரலைப் பதிவு செய்து, சின்னச் சின்ன ஒலித்துண்டுகளாக நறுக்கி வைத்திருக்கிறார்கள். திரையில் கட்டம் கட்டமாக ஸ்வரத்தை வைத்து, ஒவ்வொன்றின் மேலும் எழுத்தைப் போட்டால், யமஹா செய்த வோகலாய்டு என்ற பாடும் மென்பொருள் அந்தத் துண்டுகளை ஒட்டிப் பாடிக் கொடுக்கும். முதலில் வருவது தட்டையாகத்தான் இருக்கும். எங்கே குரல் வழுக்கி ஏறணும், எந்த எழுத்தில் காற்று கலக்கணும், எங்கே லேசாக நடுங்கணும் என்று ஒவ்வொரு ஸ்வரமாக இழைக்க வேண்டும். அதற்கே ராத்திரி ராத்திரியாகக் கண் விழிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நம் ஊரில் ஒரு பாட்டு பிடித்துவிட்டால் "யாரு பாடினது?" என்றுதான் முதலில் கேட்போம். இங்கே அந்தக் கேள்வி செல்லாது. காசு கொடுத்து வாங்கிய யார் வேண்டுமானாலும் அவளைப் பாட வைக்கலாம். அதே குரல் ஒருத்தர் கையில் குழைகிறது, இன்னொருத்தர் கையில் ஊசியாகக் குத்துகிறது. பாடுகிறவள் மாறாததால், பாட்டைப் போட்டவருடைய கை மட்டும் தனியாகக் காதில் விழுகிறது. எனக்கு இதில் ருசி அதுதான். அதனால் மிக்குவைக் கேட்காதே, போட்டவரைக் கேள்.

முதலில் "மெல்ட்". ரியோ என்பவர் 2007 டிசம்பரில் இணையத்தில் போட்டது. அதுவரை மிக்குவுக்கு எழுதியதில் நிறைய, மிக்குவைப் பற்றியே, பாடும் இயந்திரமாகிய தன்னைப் பற்றியே இருந்தது. இதில் ஒரு சாதாரணப் பெண். "என்ன ஆச்சு?" என்று அவன் கேட்கணும் என்பதற்காகவே முன்முடியை வெட்டிக்கொள்கிறாள். வானிலை அறிக்கை பொய்த்து மழை கொட்டுகிறது, ஒரே குடைக்குள் இருவரும் நடக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. நாமும் அந்த வயதில் இதைத்தானே செய்தோம்! வந்த வேகத்தில் நிஜ மனிதர்கள் அதைப் பாடிப் பதிவேற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்தது வோவாகாவின் "ரோலிங் கேர்ள்", 2010. இதை ராத்திரி கேட்காதே, தூக்கம் போய்விடும். பியானோ சுத்தியலாக அடிக்க, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஒரு பெண் உருண்டுகொண்டே இருக்கிறாள். மூச்சு வாங்க இடமே விடாமல் வார்த்தைகளை அடுக்கியிருக்கிறார் மனுஷன். பல்லவி எங்கே போய் முட்டுகிறது தெரியுமா? இதோ மூச்சை நிறுத்துகிறேன் என்பதில். மூச்சே இல்லாத ஒருத்தியின் வாயில் அந்த வரியை வைத்த துணிச்சலை என்ன சொல்ல! வோவாகா 2019-ல் இறந்துபோனார், வயது 31. அதற்குப் பிறகு இந்தப் பாட்டை என்னால் முழுதாகக் கேட்க முடிவதில்லை. நீ கேள்.

வேகம் என்றதும் ஒன்று. மிக்குவுக்கு ஏற்ற தாளம் நிமிடத்துக்கு 70 முதல் 150 தட்டு வரை என்று கம்பெனியே குறித்திருக்கிறது. காஸ்மோ என்பவர் "ஹட்சுனே மிக்குவின் மறைவு" பாட்டில் 240-ல் ஓட விட்டார். ரசிக்க முடியுமா என்றால் சொல்ல மாட்டேன், வியக்கலாம்.

நீ வாத்தியாரம்மா ஆயிற்றே, உனக்கென்று ஒன்று: ஹாலியோசியின் "சகுரா நோ அமே", 2008. பள்ளியை விட்டுப் பிரியும் பாட்டு. ஜப்பானில் நிஜமான பள்ளிகளின் பட்டமளிப்பு நாளில் பிள்ளைகள் நின்று பாடுகிற பாட்டாகிவிட்டது. மிக்குவின் "சென்பொன்சகுரா" பாட்டை எல்லாரும் சொல்வார்கள், நான் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.

அப்பா இருந்தால் இதைக் கேட்கச் சொல்லியிருப்பேன்: இசாவோ டொமிடாவின் "இஹாடோவ்" சிம்ஃபனி. பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் இசையைச் சிந்தசைசரில் வாசித்து 1970-களிலேயே உலகப் புகழ் பெற்ற மனிதர், 80 வயதில், 2012-ல், முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் கோரஸுக்கும் நடுவே மிக்குவைப் பாட வைத்தார். இயந்திரத்தின் தாளத்துக்கு வாத்தியக்காரர்கள் ஓடக்கூடாது, ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துகிறவரின் கோலைப் பார்த்து மிக்குதான் பாட வேண்டும் என்று அதற்காகவே தனி ஏற்பாடு செய்தார்கள்.

நிலா கேட்பது அநேகமாக "மெஸ்மரைசர்" ஆக இருக்கும், 2024-ல் வந்தது. கூடப் பாடுகிற சிவப்பு முடிக்காரி காசானே டெட்டோ, இவளும் மென்பொருள் குரல்தான். 2008 ஏப்ரல் முட்டாள்கள் தினத்துக்காகச் சும்மா ஏமாற்ற உண்டாக்கிய பெயர், இன்று மிக்குவோடு சரிசமமாக நிற்கிறது. வீடியோ மிட்டாய்க் கலரில் இருக்கும், உள்ளே இருப்பது அவ்வளவு இனிப்பில்லை. பயந்து பிடுங்கிவிடாதே, உட்கார்ந்து கூடப் பார். நிலாவுக்குப் பிடித்த புரொடியூசர், அதாவது பாட்டைப் போட்டவர், யார் என்று கேட்டு எனக்கு எழுது. "மிக்கு" என்று பதில் சொன்னால் விடாதே, திரும்பக் கேள்.

மே மாதம் வரும்போது அவளையும் கூட்டி வா. அத்தையின் ஆபரேஷன் தேதி தெரிந்ததும் ஒரு வரி போடு, முடிந்தால் நானும் வந்து இரண்டு நாள் இருக்கிறேன்.

அன்புடன்,
செல்வி