பாட்டியின் பதிவுகளுக்குப் பெயர் வைக்கும் முன்

அன்பு மகளுக்கு,

பாட்டியின் 412 ஒலிப்பதிவுகளுக்கும் பெயர்ப் பட்டியல் தயார், ஞாயிற்றுக்கிழமை கோப்புகளின் பெயரை மாற்றும் ஸ்கிரிப்ட்டை ஓட்டிவிடுவேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் அவ்வளவு மகிழ்ச்சி. அடுத்த நொடியே வயிற்றைக் கலக்கியது. தொலைபேசியில் சொன்னால் பாதி மறந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். வேலை செய்யும்போது இது பக்கத்தில் இருக்கட்டும்.

உன் ஸ்கிரிப்ட்டில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. பட்டியலை ரீட் கட்டளை வரிவரியாகப் படிக்கிறது, இடப்பக்கம் பதிவுக்கருவி போட்ட எண், வலப்பக்கம் நீ வைத்த பெயர், எம்வி கட்டளை முன்னதைப் பின்னதாக மாற்றிவிடுகிறது. பத்து வரிகூட இல்லை. என் கவலையெல்லாம் பட்டியலைப் பற்றித்தான். நீ என்ன எழுதிக் கொடுக்கிறாயோ அதை ஸ்கிரிப்ட் அப்படியே செய்யும். எழுத்துப்பிழையையும் சேர்த்துத்தான்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு நடந்ததை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. முதியவர்களிடம் எடுத்த நேர்காணல்கள், 300 ஒலிக்கோப்புகள். பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான். ஓரிடத்தில் மேல்வரியை நகலெடுத்து ஒட்டிவிட்டு, புதிய பெயரைத் திருத்த மறந்துவிட்டேன். ஸ்கிரிப்ட் ஓடி முடிந்தது. ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை. மாலையில் எண்ணிப் பார்த்தால் 299. பதிவுக்கருவியின் மூல நினைவக அட்டையை அதற்குள் அழித்து அடுத்த வேலைக்குக் கொடுத்துவிட்டோம். காணாமல்போன அந்த ஒன்றில் பேசியவர் அப்போது உயிரோடு இல்லை.

எம்வி என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள். ஒரே வட்டுக்குள் பெயர் மாற்றும்போது அது கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடுவதே இல்லை. அடைவில், அதாவது கோப்புறையின் பட்டியலில், இருக்கும் பெயரை மட்டும் மாற்றுகிறது. அதனால்தான் 412 கோப்புகளும் கண் இமைப்பதற்குள் முடிகின்றன, அதனால்தான் ஆபத்தில்லாத வேலை போலத் தோன்றுகிறது. ஆனால் புதிய பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், அதைத் தள்ளிவிட்டு இது அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கேட்காது, சொல்லாது. எம்விக்குப் பக்கத்தில் ‘-என்’ என்ற தெரிவைக் கட்டாயம் சேர். மேலெழுதாமல் விட்டுவிடும். விட்டதையும் சத்தமில்லாமல் விடும் என்பதால், முடிந்தபின் பழைய எண்ணோடு ஏதாவது நிற்கிறதா என்று பார்.

அதற்கும் முன்னால் பட்டியலைச் சோதி. வலப்பக்கப் பெயர்களை மட்டும் கட் கட்டளையால் பிரித்து, சார்ட் கட்டளை வழியாக வரிசைப்படுத்தி, ‘-டி’ போட்ட யுனிக் கட்டளையிடம் கொடு. இரண்டு முறை வரும் பெயர்களை அது காட்டும். ஒன்றும் வராமல் திரை வெறுமையாக இருந்தால்தான் மேலே போகலாம்.

வெறுமையாக இருந்தாலும் உடனே நம்பிவிடாதே. தமிழில் பெயர் வைத்திருக்கிறாய். ‘தொட்டில்’ என்ற சொல்லை எடுத்துக்கொள். கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் எட்டுக் குறிகள்: த, ஒகரக் குறி, ட, புள்ளி, ட, இகரக் குறி, ல, புள்ளி. ஆனால் அந்த ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கோ அவை இரு வேறு சொற்கள். யுனிக் அவற்றை ஒன்றாகப் பார்க்காது. பாதிப் பட்டியலை நீயும் மீதியை உன் அண்ணனும் வெவ்வேறு விசைப்பலகையில் அடித்ததாகச் சொன்னாய். அப்படியானால் ஒரே அடைவில் இரண்டு ‘தொட்டில் பாட்டு’ அருகருகே நிற்கலாம். பிறகு தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. பைத்தான் நிரல்மொழியின் யூனிகோட்டேட்டா தொகுதியில் நார்மலைஸ் என்று ஒன்று இருக்கிறது. முழுப் பட்டியலையும் அதன் வழியாக, ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்து எழுதும் ‘என்எஃப்சி’ வடிவத்துக்கு மாற்றிவிட்டு, யுனிக்கை மறுபடி ஓட்டு.

இன்னொன்று, பெயரின் நீளம். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘தொட்டில்’ மட்டுமே 24. ஆக ஒரு பெயருக்கு ஏறத்தாழ 85 குறிகள்தான் கிடைக்கும். நீ சில பெயர்களை முழு வாக்கியமாகவே எழுதியிருக்கிறாய். அவற்றைச் சுருக்கு, விவரத்தைத் தனி ஆவணத்தில் வை.

பட்டியல் விண்டோஸ் கணினியில் சேமித்தது என்றால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டியிருக்கலாம். அது புதிய பெயரின் வாலில் ஏறிக்கொள்ளும். பெயர் சரியாகத் தெரியும். தட்டச்சு செய்து திறந்தால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று வரும். கேட் கட்டளையை ‘-வி’ சேர்த்து ஓட்டிப் பார். தமிழ் எழுத்துகள் உருத்தெரியாமல் சிதைந்து தெரியும், பயப்படாதே. வரியின் கடைசியை மட்டும் பார். அங்கே ஒரு கூரைக் குறியும் ‘எம்’ என்ற எழுத்தும் இருந்தால், டிஆர் கட்டளையால் நீக்கிவிடு.

வரிகளையும் எண்ணிவிடு. வரிகளை எண்ணும் டபிள்யூசி கட்டளை 411 என்று காட்டினால் ஒரு பதிவு விடுபட்டிருக்கிறது, அல்லது கடைசி வரிக்குப் பின் என்டர் தட்டவில்லை. இரண்டாவது என்றால், வரிவரியாகத் திரும்பத் திரும்ப ஓடும் உன் ஸ்கிரிப்ட்டின் வளையம் அந்த வரியைச் செய்யாமலே முடிந்துவிடும். பெயர்களுக்குள் காற்புள்ளி வருவதால் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் டேப் விசையால் பிரி. ஸ்கிரிப்ட்டில் பெயர்களைத் தாங்கும் மாறிகளை இரட்டை மேற்கோளுக்குள் வை. இல்லையென்றால் இடைவெளி வரும் இடத்தில் பெயர் பிளந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை முதலில் எம்விக்கு முன்னால் எக்கோ கட்டளையைச் சேர்த்து ஓட்டு. எதுவும் மாறாது, என்ன மாறப்போகிறது என்று மட்டும் திரையில் வரும். 412 வரிகளையும் நிதானமாகப் படி. ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். பிறகு பதிவுகளை வேறொரு வட்டில் நகலெடுத்து, நகலில் உண்மையாக ஓட்டிப் பார். பட்டியலை இடவலமாக மாற்றி இன்னொரு கோப்பாகவும் வைத்துக்கொள். பழைய பெயர்களுக்குத் திரும்ப அதுதான் வழி. பின்னால் இரண்டு பதிவுகளின் பெயர் ஒன்றுக்கொன்று மாறியிருப்பது தெரிந்தால், நேரடியாக மாற்றாதே. ஒன்றுக்குத் தற்காலிகமாக மூன்றாவது பெயர் ஒன்றைக் கொடுத்துவிட்டு மாற்று. மூல அட்டையை அழிக்கவே வேண்டாம், எத்தனை ஆண்டுகள் ஆனாலும்.

நீ அனுப்பிய பட்டியலை நேற்று இரவு முழுதும் படித்தேன். 203-க்கு எதிரே ‘பேச்சு’ என்று மட்டும் போட்டிருக்கிறாய். அந்தப் பதிவை நீ கடைசிவரை கேட்டிருக்க மாட்டாய். முடிவில் பாட்டி உன் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிடுகிறார். நீ எங்கோ ஒளிந்துகொண்டு பதில் சொல்லாமல் சிரிக்கிறாய். அந்த ஒரு வரியின் வலப்பக்கத்தை நான் எழுதி அனுப்புகிறேன். அது வந்து சேரும்வரை ஸ்கிரிப்ட்டை ஓட்டாதே.

அன்புடன்,
அம்மா