அவர் புகார் எழுதும் முன்பே: ஊழல் எதிர்ப்பு அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

ஊழலை எதிர்த்து வேலை செய்யும் அமைப்புகளில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் மூன்று வேலைகள் செய்கிறீர்கள். ஆய்வு செய்கிறீர்கள், நல்ல சட்டங்களுக்காகக் குரல் கொடுக்கிறீர்கள், முறைகேட்டைச் சொல்லத் துணிந்தவர்களுக்கு ஆலோசனை தருகிறீர்கள். மூன்றாவது வேலைதான் எப்போதும் வரிசையில் கடைசியில் நிற்கிறது. அதை முன்னுக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் நண்பர் ஒருவர் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். ஒரே வேலைக்கு இரண்டு முறை பில் போட்டுப் பணம் போயிருப்பதைப் பார்த்தார். நேராக மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். இரண்டு பில்களிலும் கையெழுத்துப் போட்டவரே அந்த மேலதிகாரிதான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பயந்துபோய் அன்று இரவே ஆவணங்களைத் தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டார். ஒரு மாதத்துக்குள் அவர்மேலேயே தகவல் திருட்டு என்று விசாரணை வந்தது. பில்லைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கூட வேலை பார்த்தவர்கள், உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

மேலதிகாரியின் அறைக்குப் போகும் முன், விஷயம் தெரிந்த ஒருவர் அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். கண்ணால் பார்த்தது எது, ஊகிப்பது எது என்று பிரித்து எழுதச் சொல்லியிருப்பார். ஆவணத்தை வெளியே எடுக்காதீர்கள், அதன் எண்ணையும் தேதியையும் அது இருக்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பார். அலுவலகக் கணினியில் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம் என்றும், யாரிடம் முதலில் சொன்னால் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கும் என்றும் விளக்கியிருப்பார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அவருக்குத் தெரியாது. உங்களிடம் வரலாம் என்பதும் அவருக்குத் தெரியாது.

ஊழலை எதிர்க்கும் உலக அமைப்பான டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 1995 முதல் நாடுகளை வரிசைப்படுத்தும் ஊழல் குறியீட்டை வெளியிடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் அது செய்தியாகிறது. அதே அமைப்பு 2003இல், ஊழலைச் சொல்ல வருபவர்களுக்கான தன் முதல் சட்ட ஆலோசனை மையங்களைத் திறந்தது. அவற்றைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்? மோசடி ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஆராயப்பட்ட மோசடிகளில் 43% யாரோ தகவல் சொன்னதால் வெளியே வந்தவை. அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கு மேல் அந்தந்த நிறுவன ஊழியர்கள். உங்கள் ஆய்வுக்கே உயிர் தருபவர்கள் இவர்கள்தான்.

பெயரைக் காப்பது பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியாவில் நெடுஞ்சாலைப் பொறியாளர் சத்யேந்திர துபே, சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பற்றி 2002இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். கடிதமோ பெயரோடு அலுவலகம் அலுவலகமாகப் போனது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக்கொல்லப்பட்டார். வழிப்பறியில் நடந்த கொலை என்று வழக்கு முடிந்தது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். நம்பி எழுதியவரின் பெயர் காக்கப்படவில்லை என்பதில் சந்தேகமே இல்லை. உங்களிடம் வருபவரின் பெயர் எத்தனை பேர் கண்ணில் படுகிறது என்று இன்றே எண்ணிப் பாருங்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். 2003இல் ஏற்கப்பட்ட ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையின் 33ஆவது பிரிவு, புகார் சொல்பவருக்குப் பாதுகாப்பு தருவதை நாடுகள் 'பரிசீலிக்க வேண்டும்' என்று மட்டுமே சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு உத்தரவு அதைவிட வெகுதூரம் போகிறது. புகார் கிடைத்ததை 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். என்ன நடவடிக்கை என்று 3 மாதத்துக்குள் சொல்ல வேண்டும். புகார் சொன்னதையும் அதன்பின் தனக்குப் பாதிப்பு வந்ததையும் ஊழியர் காட்டினால், அது பழிவாங்கல் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது எதிர்த்தரப்பு. இந்தக் கடைசி விதி ஒன்றுக்காகவே எல்லா நாடுகளிலும் நீங்கள் போராடலாம். ஆனால் சட்டம் நிறைவேறிய அன்றே கலைந்துவிடாதீர்கள். புகார் சொல்பவரைக் காக்கும் இந்தியாவின் 2014ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியும் நடைமுறைக்கு வராமலே கிடக்கிறது.

இன்னொரு வேண்டுகோள். செய்தி வெளியான பிறகும் அவரோடு இருங்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும், சம்பளம் நின்றிருக்கும், வீட்டில் கேள்வி கேட்பார்கள். மாதம் ஒருமுறை ஒரு ஃபோன் வந்தால்கூட அவருக்கு அது பெரிது.

என் நண்பர் இப்போது வேறு வேலையில் இருக்கிறார். அந்த இரண்டு பில்களின் எண்களையும் தேதிகளையும் ஒரு நோட்டில் இன்னும் வைத்திருக்கிறார். உங்களில் யாராவது கேட்டால் தருவார்.

அன்புடன்,
உங்கள் வேலையை மதிக்கும் ஒருவர்