சினிமா நூல்களைப் பதிப்பிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களே,

திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கும் பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்ஸ்வா த்ரூஃபோவும் பேசிக்கொண்ட உரையாடல் புத்தகத்தைத் தமிழில் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள், மொழிபெயர்ப்பாளரைத் தேடுவதற்கு முன்பே படங்களின் உரிமையைத் தேடுங்கள். எழுத்துக்கு உரிமை வாங்கினால் படங்களும் கூடவே வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். படச்சுருளிலிருந்து அப்படியே எடுக்கும் ஃபிரேம்களுக்குப் படக் கம்பெனிகளிடமும், உரையாடலின்போது ஃபிலிப் ஹால்ஸ்மன் எடுத்த புகைப்படங்களுக்குத் தனியாகவும் கேட்க வேண்டியிருக்கும்.

கேட்காமல் விட்டால், கடைசி நேரத்தில் கைக்குக் கிடைத்த விளம்பர ஸ்டில்லை, அதாவது படப்பிடிப்பில் தனியாக எடுத்த புகைப்படத்தைப் போட்டு ஒப்பேற்ற வேண்டிவரும். புத்தகம் கெடுவது அங்கேதான். ஸ்டில் போட்டோகிராபர் நின்ற இடம் வேறு, கேமரா நின்ற இடம் வேறு. தன் 'சைக்கோ' படத்தின் குளியலறைக் கொலையின் 45 விநாடிக்கு 7 நாள் படப்பிடிப்பு, 70 கேமரா கோணங்கள் என்று கணக்குச் சொல்கிறார் ஹிட்ச்காக். கத்தி உடம்பில் படவேயில்லை, எல்லாம் எடிட்டிங்கில் வந்தது என்கிறார். அடுத்தடுத்த ஃபிரேம்களை வரிசையாகப் பார்க்காதவருக்கு இது வெறும் தகவல்தான்.

டெமி அளவுப் பக்கத்தில் வரிசைக்கு மூன்று ஃபிரேம் வைத்தால் ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குல அகலம்கூடத் தேறாது. அதைவிடப் பெரிய கிரவுன் கால் அளவுக்குப் போங்கள். இடம் பற்றவில்லை என்று ஃபிரேமின் ஓரத்தை வெட்டாதீர்கள். சாதா மேப்லித்தோ தாளில் இருட்டுக் காட்சி மை அப்பிக் கறுத்துவிடும். மேட் ஆர்ட் தாள் செலவுதான், வேறு வழியில்லை. தாளைத் திருப்பும் இடத்தில் ஃபிரேம் வரிசையை உடைக்கவும் கூடாது.

அடுத்தது மூலநூல். 1962 ஆகஸ்டில் யுனிவர்சல் ஸ்டுடியோவில் த்ரூஃபோ பிரெஞ்சில் கேட்டார், ஹிட்ச்காக் ஆங்கிலத்தில் பதில் சொன்னார், நடுவில் ஹெலன் ஸ்காட் மொழிபெயர்த்தார். 1966இன் பிரெஞ்சுப் பதிப்பு, 1967இன் ஆங்கிலப் பதிப்பு இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹிட்ச்காக்கின் இறுதி ஆண்டுகளைப் பற்றி த்ரூஃபோ பின்னால் சேர்த்த அத்தியாயத்தை விட்டுவிடாதீர்கள். அச்சில் வந்தது சீராக்கிய பேச்சு. அந்த உரையாடலின் ஒலிநாடாக்களின் பகுதிகள் வெளியாகியிருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் அவற்றைக் கேட்டுவிட்டு உட்காரட்டும். ஹிட்ச்காக்கின் நிதானமான நக்கலை மேடைத் தமிழில் எழுதினால் தாங்காது.

ட்ராலி (கேமராவை வைத்துத் தள்ளும் வண்டி), ஜூம் (லென்ஸாலேயே காட்சியை நெருக்குவது, விலக்குவது), ஷாட் போன்ற தொழிற்சொற்கள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். 'வெர்டிகோ' படத்தில் தலைசுற்றலைக் காட்டும் மாடிப்படிக் காட்சியில் ட்ராலி ஒரு பக்கம் போக, அதே நேரத்தில் ஜூம் எதிர்ப்பக்கம் போகிறது. "கேமரா நகர்ந்தது" என்று எழுதினால் தலைசுற்றல் எப்படி வந்தது என்றே விளங்காது. படிக்கட்டின் மாடலைப் படுக்கவைத்து எடுத்ததால் செலவு 19,000 டாலரில் முடிந்தது என்பதும் அங்கேதான் வருகிறது. அச்சுக்கு அனுப்புமுன் அந்தப் பக்கங்களை ஓர் ஒளிப்பதிவாளரிடம் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
சினிமா நூல்களை மொழிபெயர்ப்பவர்களும் மெய்ப்புப் பார்ப்பவர்களும்