பிடித்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் மாணவரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களை முதன்முதலாக மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுப்பும்போது அவர்களிடம் என்ன சொல்லி அனுப்புகிறோம் என்பது குறித்து, இத்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கதிர்வீச்சின் இயற்பியலை அவர்கள் நன்றாகவே படித்துவிட்டு வருகிறார்கள். மூத்தவர் ஒருவர் சொல்லும் வேலையை ‘இதை நான் செய்யக் கூடாது’ என்று பணிவாக மறுப்பதற்குத்தான் யாரும் கற்றுத்தருவதில்லை.

நான் மாணவனாக இருந்தபோது, பயிற்சியின் முதல் வாரத்திலேயே, அழுது திமிறிய ஒரு குழந்தையை மேசையில் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். உடலில் படும் கதிர்வீச்சை அளக்க அணியும் டி.எல்.டி. பேட்ஜ் எனக்கு அப்போது வந்துசேரவில்லை. கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய ஏப்ரன் கிடைத்தது, ஈயக் கையுறை கிடைக்கவில்லை. மறுக்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. அந்த ஒரு படத்தால் எனக்குக் கேடு எதுவும் நேர்ந்திராது என்பதை இன்று அறிவேன். ஆனால், ஒருநாள் பிடித்தவனையே மறுநாளும் அதற்கடுத்த நாளும் கூப்பிட்டார்கள். நோயாளி அசையாமல் இருக்க முதலில் பட்டை, மணல் பை, நுரைத் திண்டு ஆகியவற்றைப் பயன்படுத்த வேண்டும். அவை போதாதபோது, கருவுற்றிராத உறவினர் ஒருவருக்குக் கவசம் அணிவித்துப் பிடிக்கச் சொல்லலாம். கதிர்வீச்சுப் பிரிவில் அன்றாடம் இருப்பவர்களை, அதிலும் மாணவர்களை, அதற்கு வழக்கமாகப் பயன்படுத்தக் கூடாது என்பது பழைய விதி. ஆள் குறைவாக இருக்கும் நாளில் முதலில் மறக்கப்படுவதும் அதுதான்.

பணியாளர்களுக்கு 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 50-க்கு மிகாமல் என்று பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வகுத்திருக்கிறது. 18 வயது நிறையாத பயிற்சியாளர்களுக்குப் பன்னாட்டுப் பாதுகாப்புத் தரங்கள் ஆண்டுக்கு 6 மில்லிசீவர்ட்டையே அனுமதிக்கின்றன. இந்த எண்களைத் தேர்வில் எழுதாத மாணவர் இருக்க மாட்டார். ஆனால் பேட்ஜ் இல்லாமலோ, கழற்றிய ஏப்ரனிலேயே அதைக் குத்திவைத்து எக்ஸ்ரே அறையில் தொங்கவிட்டோ வேலை செய்பவருக்குத் தாம் அந்த வரம்புக்குள் இருக்கிறோமா என்பது எப்படித் தெரியும்? கருவுற்ற மாணவி அதை மேற்பார்வையாளரிடம் தெரிவித்தால், எஞ்சிய கர்ப்ப காலம் முழுவதற்கும் கருவுக்குச் சேரும் அளவு ஏறத்தாழ 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாதபடி அவரது பணியை மாற்றி அமைக்க முடியும். தெரிவித்தால் பயிற்சி நாட்கள் குறைந்துவிடுமோ என்று அஞ்சி மறைத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

வார்டுக்குக் கொண்டுசெல்லும் நகரும் எக்ஸ்ரே கருவியைக் கையாளும்போது விலகி நிற்பதே பெரிய பாதுகாப்பு. நம்மை வந்தடைவது பெரும்பாலும் நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர்தான். 1 மீட்டரில் நின்றவர் 2 மீட்டருக்கு நகர்ந்தால் அது ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறைகிறது. எம்.ஆர்.ஐ. அறையின் கதை வேறு. அங்கே படமெடுக்காத நேரத்திலும் கருவியின் வலிமையான காந்தம் விழித்துக்கொண்டே இருக்கிறது. 2001-இல் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து மருத்துவமனை ஒன்றில், அறைக்குள் கொண்டுவரப்பட்ட ஆக்ஸிஜன் சிலிண்டரைக் காந்தம் இழுக்க, அது தாக்கி 6 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். அந்த வாசலில் அவசரமாக இரும்பு உருளைப் படுக்கையைத் தள்ளிவரும் மருத்துவரையும் நிறுத்த வேண்டிய கடமை மாணவருக்கு உண்டு. நிறுத்தலாம் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால்தானே அந்தத் துணிவு வரும்?

நோயாளியை அழைத்துவரும் வேலையும் பெரும்பாலும் மாணவர் தலையில்தான் விழுகிறது. “நீங்கள்தானே இன்னார்?” என்று கேட்டால், காது மந்தமானவரும் வலியில் இருப்பவரும் தலையாட்டிவிடுவார்கள். பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு, படிவத்தோடு ஒப்பிட்டு, எந்தப் பக்கத்துக் கை அல்லது கால் என்பதையும் உறுதி செய்த பிறகே மேசையில் ஏற்ற வேண்டும். தவறான ஆளுக்குச் செலுத்திய கதிர்வீச்சைத் திரும்ப எடுக்க இயலாது. படம் சரியாக வரவில்லையென்றால், மேற்பார்வையாளர் அருகில் இல்லாமல் மாணவர் மறுபடி எடுக்கவும் கூடாது. அரிய எலும்பு முறிவு என்று கைபேசியில் படம்பிடித்து நண்பர்களுக்கு அனுப்புவது குறித்து விளக்கத் தேவையில்லை; பெயரை மறைத்தாலும் அது நோயாளியின் அந்தரங்கம்தான்.

கல்லூரிகளிடம் நான் வேண்டுவது இரண்டே. பேட்ஜ் கைக்கு வரும்வரை எந்த மாணவரையும் கதிர்வீச்சுப் பகுதிக்கு அனுப்பாதீர்கள். பொறுப்பான மேற்பார்வையாளர் யார், எந்தெந்த வேலைகளை மாணவர் மறுக்கலாம், மறுத்தால் மதிப்பெண் குறையாது என்பவற்றை ஒரே தாளில் எழுதி, மருத்துவமனையின் கையொப்பத்தோடு முதல் நாளிலேயே அவர்கள் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எக்ஸ்ரே தொழில்நுட்பர் ஒருவர்